பிரிட்டிஷ் படை ஓய்வூதியம் பெற்ற முன்னோரைத் தேடும் முறை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படையில் சாதாரணப் படைவீரராக இருந்த ஒருவரைப் பற்றி இன்று விரிவாக ஏதேனும் தெரியவருகிறது என்றால், பெரும்பாலும் அவருக்கு ஓய்வூதியம் கிடைத்ததே அதற்குக் காரணம். பணியிலிருக்கும்போதே இறந்தவர், படையை விட்டு ஓடிப்போனவர், ஓய்வூதியத்துக்குரிய ஆண்டுகள் நிறையுமுன் விலகியவர் ஆகியோரின் தனிப்பட்ட பணித்தாள்கள், 1883-க்கு முந்தைய காலத்தைப் பொறுத்தவரை, மிக அரிதாகவே எஞ்சியுள்ளன. அரசு மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் பணம் கொடுத்துவந்த மனிதரின் தாள்களைத்தான் அலுவலகங்கள் பத்திரப்படுத்தின. ஆகவே இத்தகைய முன்னோரைத் தேடுகிறவர் போர்க்களக் கதைகளைத் தேடிப் போவதைவிடப் பணம் போன வழியைப் பின்தொடர்வதே பலன் தரும்.

தேடலைத் தொடங்குமுன், அந்த ஓய்வூதியத்தைக் கொடுத்தது யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இதில் ஏற்படும் குழப்பமே பலரது உழைப்பை வீணாக்குகிறது. தமிழ்நாட்டுக் குடும்பங்களில் ‘வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கினார்’ என்று சொல்லப்படும் பாட்டனார் ஏறத்தாழ எப்போதும் மதராஸ் படையிலோ, பிற்காலத்தில் இந்திய இராணுவத்திலோ பணியாற்றியவர். அவை பிரிட்டிஷ் அதிகாரிகளின் கீழ் இயங்கியபோதும் பிரிட்டிஷ் படை அல்ல; அந்தப் படைவீரர்களின் ஓய்வூதியத் தாள்கள் லண்டனுக்குப் போகவில்லை. அவர்களைத் தேடுகிறவர் குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்டின் பதிவேட்டு அலுவலகத்தையோ, ‘தம்பிகள்’ என்று பெயர் பெற்ற மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினருக்குப் பெங்களூருவில் உள்ள அலுவலகத்தையோ அணுக வேண்டும். வீட்டில் பழைய பென்ஷன் புத்தகமோ ஓய்வூதிய ஆணையோ இருந்தால் அதிலுள்ள எண்ணே முதல் சான்று. இந்தக் கட்டுரை பேசுவது வேறொரு கூட்டத்தைப் பற்றியது: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நாடுகளில் ஆள் எடுத்து, உலகின் பல மூலைகளுக்கும் அனுப்பப்பட்டு, கடைசியில் லண்டனின் செல்சி அரச மருத்துவமனை வழியாக ஓய்வூதியம் பெற்றவர்கள். அவர்களில் சிலர் சென்னையிலும் பல்லாவரத்திலும் திருச்சியிலும் தங்கிக் குடும்பமாகியுள்ளனர்; அவர்களின் வழித்தோன்றல்களுக்கு இந்தத் தேடல் நேரடியாகப் பயன்படும்.

செல்சி மருத்துவமனை 1682-இல் இரண்டாம் சார்லஸ் மன்னரால் நிறுவப்பட்டது. கட்டடத்தை வடிவமைத்தவர் கிறிஸ்டோபர் ரென். சிவப்பு அங்கி அணிந்து அங்கேயே வாழும் முதிய படைவீரர்களின் படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவர்கள் உள்ளுறை ஓய்வூதியர்கள். எண்ணிக்கையில் எப்போதும் சில நூறு பேர்தான். அவர்களைப் போலப் பல மடங்கானவர்கள் தங்கள் ஊரிலேயே வாழ்ந்து, உழைத்து, ஓய்வூதியத்தை மட்டும் வாங்கிக்கொண்ட வெளியுறை ஓய்வூதியர்கள். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவரின் தொழிலாக ‘செல்சி பென்ஷனர்’ என்று எழுதியிருந்தால், அவர் அந்த மருத்துவமனையில் வசித்தார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அவர் அந்தக் கட்டடத்தைக் கண்ணால் பார்க்காமலேயே இறந்திருக்கவும் கூடும். ‘கிரீனிச் பென்ஷனர்’ என்றிருந்தால் அவர் கடற்படையைச் சேர்ந்தவர். அவருக்கான ஆவணங்கள் முற்றிலும் வேறு. அயர்லாந்துக்கென்று டப்ளினில் கில்மைனம் என்ற தனி மருத்துவமனை இருந்தது. அதன் வெளியுறை ஓய்வூதியர்கள் 1822-இல் செல்சியின் பொறுப்புக்கு மாற்றப்பட்டனர். எனவே அந்த ஆண்டுக்கு முன் ஓய்வு பெற்ற அயர்லாந்துக்காரரைக் கில்மைனம் தொகுதிகளிலும் தேட வேண்டும். அதிகாரிகளுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. அவர்கள் பெற்றது பாதிச் சம்பளம். அவர்களை அச்சிட்ட இராணுவப் பட்டியல்களிலிருந்து தேடத் தொடங்க வேண்டும்.

ரெஜிமென்டைக் கண்டுபிடித்தல்

முன்னோரின் பெயர் தெரிந்திருப்பதைவிட அவர் எந்த ரெஜிமென்டில் இருந்தார் என்பது தெரிந்திருப்பது மதிப்புமிக்கது. ஜான் ஸ்மித்களும் பேட்ரிக் மர்ஃபிகளும் பல்லாயிரம் பேர். 1830-இல் பிரிட்டிஷ் படையின் சாதாரணப் படைவீரர்களில் நூற்றுக்கு 42 பேர் அயர்லாந்துக்காரர்கள் என்பதால் ஒரே பெயரும் ஒரே மாவட்டமும் கொண்டவர்கள்கூடப் பலர் இருப்பார்கள். மேலும் 1920 வரை ஒவ்வொரு ரெஜிமென்டும் தன் ஆட்களுக்குத் தானே எண் கொடுத்தது. ஒருவர் வேறு ரெஜிமென்டுக்கு மாறினால் அவரது எண்ணும் மாறிவிடும். ஆகையால் ரெஜிமென்டின் பெயர் இல்லாத எண்ணால் பயனில்லை.

வாழ்க்கையின் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போவதே நல்லது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1837 ஜூலை முதலும், ஸ்காட்லாந்தில் 1855 முதலும், அயர்லாந்தில் 1864 முதலும் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவை அரசால் பதிவு செய்யப்பட்டன. இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற கட்டத்தில் ‘இராணுவ ஓய்வூதியர்’ என்பதோடு ரெஜிமென்டின் எண்ணும் எழுதப்பட்டிருப்பதுண்டு. மகனின் அல்லது மகளின் திருமணப் பதிவில் தந்தையின் தொழிலாகவும் அது வரும். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளில் 1841 முதல் 1921 வரையிலானவை இங்கிலாந்துக்குக் கிடைக்கின்றன. அவற்றில் ஓய்வூதியரின் பெயருக்கு நேரே எழுதியதை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், பிள்ளைகள் பிறந்த ஊர்களைக் கவனிக்க வேண்டும். மூத்த மகள் ஜிப்ரால்டரிலும், அடுத்தவன் மால்டாவிலும், கடைக்குட்டி பெங்களூரிலும் பிறந்ததாக இருந்தால், அந்தந்த ஆண்டுகளில் அந்த மூன்று இடங்களிலும் வரிசையாக முகாமிட்டிருந்த ரெஜிமென்ட் எது என்று பார்ப்பதே போதும். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். ரெஜிமென்டுகளுக்குள் நிகழ்ந்த பிறப்புகளுக்கும் திருமணங்களுக்கும் 1761 முதல் தனிப் பதிவேடுகள் உண்டு. அவற்றின் அகரவரிசைப் பட்டியலில் பிள்ளையின் பெயரைத் தேடினால் தந்தையின் ரெஜிமென்ட் கிடைக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. 1881-இல் நடந்த சீர்திருத்தத்தில் எண்ணால் அழைக்கப்பட்ட பழைய ரெஜிமென்டுகள் இணைக்கப்பட்டு, மாவட்டப் பெயர்களைப் பெற்றன. 24-ஆம் காலாட்படை சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ் ஆயிற்று. மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பிய ரெஜிமென்டாகத் தொடங்கிய படை, கம்பெனி ஆட்சி முடிந்தபின் 102-ஆம் காலாட்படையாகி, 1881-இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் படையணியாயிற்று. குடும்பத்தில் வாய்வழியாக வந்த பெயர் இவற்றில் எந்தக் காலத்தது என்று அறியாமல் தேடினால், ஒரே ரெஜிமென்டை இரண்டாகவும் இரண்டை ஒன்றாகவும் கொள்ள நேரிடும்.

படைவிடுப்புப் பத்திரம்

ஓய்வூதியரின் ஆவணங்களில் முதன்மையானது அவர் படையை விட்டு வெளியேறும்போது தயாரிக்கப்பட்ட படைவிடுப்புப் பத்திரம். இவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 97 என்ற தொகுதியில் 1760 முதல் 1913 வரை உள்ளன. முதல் இரண்டு எழுத்துகள் போர்த்துறை அலுவலகத்தைக் குறிப்பவை. 1760-க்கும் 1854-க்கும் இடையே ஓய்வு பெற்றவர்களின் பெயர், பிறந்த ஊர், ரெஜிமென்ட் ஆகியவை காப்பகத்தின் இணைய அட்டவணையிலேயே கட்டணமின்றித் தேடக் கிடைக்கின்றன. அதற்குப் பிற்பட்ட பெட்டிகள் முதலில் ரெஜிமென்ட் வாரியாகவும், 1873 முதல் குதிரைப்படை, பீரங்கிப்படை, காலாட்படை என்ற பிரிவுகளாகவும், 1883 முதல் எல்லோரும் ஒரே அகரவரிசையிலும் அடுக்கப்பட்டுள்ளன. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டணத் தளத்தில் இத்தொகுதியைப் பெயர் வாரியாகத் தேடலாம். 1883-க்குப் பிறகு ஓய்வூதியம் இல்லாமல் விலகியவர்களின் தாள்களும் இதில் சேர்ந்துவிடுவதால், ஒருவரின் தாள் இங்கே இருப்பது மட்டுமே அவர் ஓய்வூதியம் பெற்றதற்குச் சான்றாகாது.

பத்திரத்தில் இருக்கும் செய்திகள் வியப்பூட்டும் அளவுக்கு நெருக்கமானவை. பிறந்த பாரிஷ் (திருச்சபை வட்டாரம்), அருகிலுள்ள நகரம், சேர்ந்தபோது வயது, அதற்கு முன் செய்த தொழில், எந்தெந்த நாட்டில் எத்தனை ஆண்டு பணி, பட்ட காயங்கள், நடத்தை குறித்து மேலதிகாரியின் மதிப்பீடு, உயரம், தலைமுடியின் நிறம், கண்ணின் நிறம் ஆகிய அனைத்தும் அதில் எழுதப்பட்டிருக்கும். புகைப்படமே இல்லாத ஒரு நெசவாளியின் முகத்தைப் பற்றி இந்த அளவுக்குச் சொல்லும் வேறு தாள் அக்காலத்தில் இல்லை. அயர்லாந்து முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு இதன் மதிப்பு இன்னும் கூடுதல். அயர்லாந்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணக்கெடுப்புகளில் ஒரு பகுதியை அரசே அழித்துவிட்டது. எஞ்சியவற்றில் பெரும்பகுதி 1922-இல் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் போயிற்று. 1840-களின் அயர்லாந்துப் பெரும்பஞ்சத்துக்கு முன் பிறந்த ஒரு கூலியாளின் சொந்தப் பாரிஷைச் சொல்லும் ஒரே ஆவணமாக அவரது படைவிடுப்புப் பத்திரம் பல நேரங்களில் நின்றுவிடுகிறது.

பணியாண்டுக் கணக்கை எழுத்துக்கு எழுத்து படிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைவாக இருந்த காலம் கழிக்கப்பட்டிருக்கும். வாட்டர்லூ போரில் இருந்தவருக்கு இரண்டு ஆண்டுகள் கூட்டப்பட்டிருக்கும். எனவே ஓய்வு பெற்ற நாளிலிருந்து மொத்த ஆண்டுகளைக் கழித்துச் சேர்ந்த நாளைக் கண்டுபிடிக்க முனைந்தால் கணக்கு உதைக்கும். வயதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. சேரும்போது கூட்டியோ குறைத்தோ சொன்ன வயதுதான் கடைசிவரை தாளில் தொடர்ந்தது.

கிடைத்த பத்திரம் நம் முன்னோருடையதுதானா என்று முடிவு செய்ய, பெயரைத் தவிர மூன்று செய்திகளாவது பொருந்த வேண்டும் என்பது என் கருத்து. பிறந்த பாரிஷும், படையில் சேருமுன் செய்த தொழிலும், ஓய்வு பெற்ற ஆண்டுக்கும் குடும்பம் ஓர் ஊரில் குடியமர்ந்த ஆண்டுக்கும் உள்ள ஒட்டுதலும் அவற்றில் சிறந்தவை. இணையத்தில் பிறர் தொகுத்து வைத்திருக்கும் குடும்ப மரங்களில், பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்துக்கொண்டு யாரோ ஒரு சார்ஜென்டைத் தாத்தாவாக்கியிருப்பதை அடிக்கடி காணலாம்.

சேர்க்கைப் பதிவேடுகளும் புதுச்சேரியில் பட்ட காயமும்

ஓய்வூதியம் கேட்பவர் செல்சி ஆணையர்களின் முன் பரிசோதிக்கப்பட்டார். அந்த நாளின் வரிசைப்படி எழுதப்பட்டவை சேர்க்கைப் பதிவேடுகள். காயத்தாலும் நோயாலும் ஓய்வு பெற்றவர்கள் டபிள்யூ.ஓ. 116-இலும், பணியாண்டு நிறைந்து ஓய்வு பெற்றவர்கள் 1823 முதல் டபிள்யூ.ஓ. 117-இலும் உள்ளனர். பெயர் வரிசை இல்லாத இந்த ஏடுகளில் தேடப் பரிசோதனை நாள் தெரிந்திருக்க வேண்டும்; அந்த நாள் பெரும்பாலும் படைவிடுப்புப் பத்திரத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வரியிலும் வயது, பணியாண்டு, பிறந்த இடம், ஓய்வூதியத்துக்கான காரணம், நாளொன்றுக்கு எத்தனை பென்னி என்பவை இருக்கும்.

இந்த ஏடுகள் எத்தகைய செய்தியைத் தாங்கியிருக்கக்கூடும் என்பதற்கு ஹன்னா ஸ்னெல் நல்ல எடுத்துக்காட்டு. ஜேம்ஸ் கிரே என்ற பெயரில் ஆண் வேடத்தில் மரீன் படையில் சேர்ந்து, 1748-இல் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியை முற்றுகையிட்ட படையோடு வந்த பெண் அவர். 1750 நவம்பரில் செல்சி ஏட்டில் அவர் தம் சொந்தப் பெயரிலேயே பதிவாகியுள்ளார்: வயது 27, பிறந்த ஊர் வூஸ்டர், புதுச்சேரியில் காயம் பட்டவர். அவரைப் பற்றி அக்காலத்தில் அச்சான பரபரப்புக் கதைகளில் எவ்வளவு உண்மை என்று வரலாற்றாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஓய்வூதிய ஏட்டின் அந்த ஒரு வரியை மட்டும் யாராலும் தள்ளிவிட முடியவில்லை.

அக்காலத்தில் ஓய்வூதியம் ஓர் உரிமையாக இருக்கவில்லை. உடல் தளர்ந்தவருக்கும் காயப்பட்டவருக்கும் அளிக்கப்பட்ட சலுகையாகவே இருந்தது. 1806-இல் அமைச்சர் வில்லியம் விண்டம் கொண்டுவந்த சட்டமே குறித்த ஆண்டுகள் பணியாற்றியவருக்கு அதை உரிமையாக்கியது. 1847-க்குப் பின் காலாட்படையில் 21 ஆண்டும் குதிரைப்படையில் 24 ஆண்டும் என்பது பொது விதியாயிற்று. 1870-இல் குறுகிய காலப் பணி முறை வந்தபின், சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வூதியத்தை எட்டாமலேயே வெளியேறினர். ஆகவே 1875-இல் இருபது வயதில் சேர்ந்த ஒருவர் ஏழெட்டு ஆண்டில் திரும்பிவந்துவிட்டார் என்றால், அவரை ஓய்வூதிய ஏடுகளில் தேடி அலைவதில் பொருளில்லை. சிலருக்குக் குறிப்பிட்ட சில மாதங்களுக்கோ ஆண்டுகளுக்கோ மட்டும் ஓய்வூதியம் தரப்பட்டது. அவர்கள் மீண்டும் மீண்டும் பரிசோதனைக்கு வந்ததால், ஏட்டில் பல தேதிகளில் தோன்றுவார்கள். வேறு சிலருக்கு ஒத்திவைத்த ஓய்வூதியம் கிடைத்தது. முதுமையில்தான் பணம் தொடங்கும் அத்தகையோரின் தாள்கள் டபிள்யூ.ஓ. 131 என்ற தனித் தொகுதியில் உள்ளன.

பணம் வாங்கிய ஊர்

படைவிடுப்புப் பத்திரம் ஒருவரின் படைவாழ்வோடு நின்றுவிடும். அதற்குப் பிந்திய முப்பது, நாற்பது ஆண்டுகளைச் சொல்பவை டபிள்யூ.ஓ. 22 என்ற தொகுதியில் உள்ள பட்டுவாடா விவரங்கள். பெரும்பாலான ஆய்வாளர்கள் இந்தத் தொகுதியைத் திறப்பதே இல்லை. எனக்கோ எல்லாத் தொகுதிகளிலும் இதுவே பயனுள்ளதாகத் தோன்றுகிறது. 1842 வரை ஓய்வூதியம் பெரும்பாலும் கலால் துறை அலுவலர்கள் வழியாகப் பட்டுவாடா ஆயிற்று. அந்த ஆண்டில் நாடு மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓய்வூதியர்களைக் கவனிக்க ஓர் இராணுவ அதிகாரி அமர்த்தப்பட்டார். அவர் அனுப்பிய கணக்கில், மாவட்டத்துக்குள் புதிதாக வந்த ஓய்வூதியர், வேறு மாவட்டத்துக்கு மாறிப்போனவர், இறந்தவர், இறந்த நாள் ஆகியவை ரெஜிமென்டோடு குறிக்கப்பட்டன. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இவை பெரும்பாலும் 1862 வரையிலும், குடியேற்ற நாடுகளுக்கு 1880-களின் தொடக்கம் வரையிலும் உள்ளன.

கடல் கடந்தவர்களைத் தேடுவோர்க்கு இது பெருந்துணை. 1830-களில் ஓய்வூதியத்தை மொத்தத் தொகையாக மாற்றிக்கொண்டு கனடாவுக்குப் போன படைவீரர்கள் உண்டு. அத்தொகை கரைந்ததும் அவர்களில் பலர் வறுமையில் வாடினர். 1847-க்கும் 1852-க்கும் இடையே நியூசிலாந்தின் ஆக்லாந்தைச் சுற்றி ஓனஹங்கா, ஹோவிக், பான்மூர், ஓட்டாஹூஹூ ஆகிய ஊர்களில் ஃபென்சிபிள்ஸ் என்ற பெயரில் குடியமர்த்தப்பட்டவர்களும் ஓய்வூதியர்களே. 1850 முதல் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளைக் கொண்டுசென்ற கப்பல்களில் காவலர்களாகப் போன ஓய்வூதியர்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்கினர். இவர்களின் வழித்தோன்றல்கள் அந்தந்த நாட்டுக் காப்பகங்களையும் பார்க்க வேண்டும்.

ஓய்வூதியர் இறந்ததும் பணம் நின்றுவிடும். சாதாரணப் படைவீரரின் மனைவிக்கு அரசு ஓய்வூதியம் என்ற ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கப் போரை ஒட்டித்தான் வந்தது. அதற்கு முந்தைய காலத்து விதவையை ஏழைகள் இல்லத்தின் பதிவேடுகளில் தேட நேரிடலாம்.

சென்னையில் இறந்த ஓய்வூதியர்

மதராஸ் மாகாணத்தில் இறந்த ஐரோப்பியப் படைவீரரைத் தேடும்போது, அவர் மன்னரின் ரெஜிமென்டைச் சேர்ந்தவரா, கம்பெனியின் ஐரோப்பியப் படையைச் சேர்ந்தவரா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். கல்லறையில் ‘ஹெச்.எம்.’ என்ற எழுத்துகளுக்குப் பின் ரெஜிமென்ட் எண் வந்தால் மன்னரின் படை. அவருக்குச் செல்சி ஏடுகள் பொருந்தும். கம்பெனிப் படையினர் கம்பெனியிடமிருந்தே ஓய்வூதியம் பெற்றனர். ராபர்ட் கிளைவ், வங்காள நவாப் மீர் ஜாஃபர் தமக்கு விட்டுச்சென்ற ஐந்து லட்ச ரூபாயைக் கொண்டு 1770-இல் தொடங்கிய நிதி அதற்கு ஆதாரங்களில் ஒன்று. அந்த நிதியின் கணக்குகளும், கம்பெனிப் படைப் பட்டியல்களும் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகத் தொகுப்பில் உள்ளன. அதே தொகுப்பில் என் 2 என்று எண்ணிட்ட தொகுதி, மதராஸ் மாகாணத் திருச்சபைகளிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல். அடக்கப் பதிவில் ‘பென்ஷனர்’ என்ற ஒரு சொல்லும் ஊரும் கிடைத்தாலே தேடலுக்கு நல்ல தொடக்கம். 1998-இல் தொடங்கிய ஃபிபிஸ் என்ற பிரிட்டிஷ் இந்தியக் குடும்ப ஆய்வுச் சங்கம், இத்தகைய பதிவுகளின் பெரிய தரவுத்தளத்தைக் கட்டணமின்றித் தேட அனுமதிக்கிறது.

தாள் கிடைக்காதபோது

பத்திரம் கிடைக்கவில்லை என்றால் உடனே கைவிட வேண்டியதில்லை. டபிள்யூ.ஓ. 97-இன் இறுதியில், இடம் மாறி வைக்கப்பட்டுப் பின்னர் கண்டெடுக்கப்பட்ட தாள்களுக்கென்று தனி வரிசை இருக்கிறது. டபிள்யூ.ஓ. 121-இலும், கில்மைனத்துக்கு உரிய டபிள்யூ.ஓ. 119-இலும் வேறு படைவிடுப்புப் பத்திரங்கள் உள்ளன. பெயரைப் பலவிதமாக எழுதிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் எழுதப்படிக்கத் தெரியாதவரின் பெயரை எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். கடனுக்கோ மனைவிக்கோ அஞ்சிப் பொய்ப் பெயரில் சேர்ந்தவர்களும் உண்டு.

எல்லாம் தவறினால் மஸ்டர் ரோல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ரெஜிமென்டும் தன் ஆட்களையும் சம்பளத்தையும் காலாண்டுதோறும் எழுதி அனுப்பிய இந்த ஏடுகள் 1732 முதல் 1878 வரை டபிள்யூ.ஓ. 12-இலும், அதன்பின் 1898 வரை டபிள்யூ.ஓ. 16-இலும் உள்ளன, பீரங்கிப்படைக்கு டபிள்யூ.ஓ. 10. ரெஜிமென்ட் தெரிந்தால் ஒருவரைக் காலாண்டு காலாண்டாக, மருத்துவமனையில் கிடந்தது முதல் சிறையில் இருந்தது வரை, பின்தொடரலாம். காலாண்டின் இறுதியில் படையை விட்டு நீங்கியவர்களின் பட்டியல் இருந்தால், அதில் பிறந்த ஊரும் முந்தைய தொழிலும் கிடைக்கும். இவற்றில் பெரும்பகுதியைக் கியூவுக்கு நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். வாசகர் அட்டைக்குக் கட்டணம் இல்லை; சொந்தக் கைபேசியில் படமெடுக்கவும் கட்டணம் இல்லை. தடித்த ஏடுகளாதலால் பக்கங்களை வரிசையாகப் படமெடுத்துக்கொண்டு வீட்டில் நிதானமாகப் படிப்பதே வசதி.

முதல் உலகப் போர்

1914-க்குப் பின் ஓய்வூதியத்தின் தன்மை மாறியது. நீண்ட பணிக்குக் கிடைத்ததைவிட உடல் ஊனத்துக்கும் உயிரிழப்புக்கும் கிடைத்ததே மிகுதி. 1940 செப்டம்பரில் லண்டன் ஆர்ன்சைட் தெருக் கிடங்கில் குண்டு விழுந்து, அப்போரில் பணியாற்றியவர்களின் பணித்தாள்களில் பாதிக்கும் மேல் எரிந்துபோயின. தப்பியவை டபிள்யூ.ஓ. 363-இல் கருகிய விளிம்புகளோடு உள்ளன. ஆனால் ஓய்வூதியம் கோரியவர்களின் தாள்கள் ஓய்வூதிய அமைச்சகத்திடம் இருந்ததால், அவற்றைக் கொண்டு உருவாக்கிய டபிள்யூ.ஓ. 364 தொகுதியில் முழுமையான மருத்துவக் குறிப்புகளோடு பலரைக் காணலாம். அமைச்சகத்தின் ஓய்வூதிய அட்டைகளும் பேரேடுகளும் அழிக்கப்படவிருந்த நிலையில், வெஸ்டர்ன் ஃபிரன்ட் அசோசியேஷன் என்ற அமைப்பு 2012-இல் அவற்றை மீட்டது. இன்று அவை ஃபோல்டு3 தளத்தில் கிடைக்கின்றன. அட்டையில் வீட்டு முகவரி, மனைவி பெயர், பிள்ளைகளின் பிறந்த நாள், ஊனத்தின் விழுக்காடு ஆகியவை இருக்கும் என்பதால், பணித்தாள் எரிந்துபோனவரின் குடும்பத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுவே. போருக்குப் பிறகும் படையில் நீடித்தவர்களின் தாள்கள் பாதுகாப்பு அமைச்சகத்திடம் இருந்தன. 2022 முதல் அவை படிப்படியாகத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருவதால், விண்ணப்பிக்குமுன் அவரது தாள் இப்போது எந்த அலுவலகத்தில் உள்ளது என்பதைக் காப்பகத்தின் அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.